லோகு வரிசையில் இருக்கிறார்

குன்னூருக்குக் கீழே, மேகம் மேலிருந்து இறங்காமல் பள்ளத்திலிருந்து ஏறிவரும் ஒரு சரிவில், ராணுவத்துக்குக் கம்பளி உடைகள் அனுப்பும் கிடங்கு ஒன்று இருக்கிறது. பனிமலையில் காவல் நிற்பவர்களுக்கான கையுறைகளும் போர்வைகளும் அங்கே அந்துருண்டை வாசனையோடு காத்துக் கிடக்கும். சில போர்வைகள், கேட்ட வீரர் ஓய்வு பெற்ற பிறகு போய்ச் சேர்ந்ததுண்டு. அதனால் தலைமையகம் அந்த ஆண்டைத் தயார்நிலை ஆண்டு என்று அறிவித்தது. போர்வைகளைச் சீக்கிரம் அனுப்புவது பற்றி அறிவிப்பில் ஒன்றும் இல்லை. ஊழியர்கள் அனைவரும் ஆங்கில மரபுத்தொடர்கள் கற்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

கற்றுக்கொடுக்கப் பெங்களூரிலிருந்து ஆண்ட்ரூ என்ற பயிற்சியாளர் வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைப் பலகையை நிறுத்தி முதல் தொடரை எழுதினார்: ஹேவ் யுவர் டக்ஸ் இன் எ ரோ.

"உங்க வாத்துகள வரிசையில வெச்சிருங்க. இதுக்கு அர்த்தம் என்ன? யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

மலையில் வாத்து மேய்ப்பவர்கள் கிடையாது. பணியாளர் பிரிவில் கிளார்க்காக இருந்த உமாராணிக்கு மட்டும் வாத்து தெரியும். அவள் கோபிசெட்டிபாளையத்துக்காரி. அறுப்பு முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் இறங்குவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறாள். அவை சேற்றில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போகும். வரிசையில் நின்று அவள் பார்த்ததில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து லோகு கையைத் தூக்கினார். பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்பவர். ஆள் பெரிய உருவம், குரல் சின்னது.

"ஏனுங்க சார், வாத்து மடையான்னு எங்க மேஸ்திரி வைவாருங்க. அதுங்களா?"

கூடம் சிரித்தது. ஆண்ட்ரூவும் சிரித்துவிட்டு, எல்லா வேலையையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்து தயாராக இருப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினார்.

"அதுக்கு நம்மளதுல முன்னேற்பாடுன்னு ஒரே வார்த்தை இருக்குதுங்களே."

"அது வெறும் அர்த்தம், மிஸ்டர் லோகு. இது இடியம்" என்றார் ஆண்ட்ரூ.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துணை இயக்குநர் ஸ்ரீராம் அந்தத் தொடரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ மந்திர உபதேசம் பெற்றவர்போல வெகுநேரம் அப்படியே இருந்தார். மற்ற தொடர்கள் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் மஞ்சள் வண்ணம் பூசிய மர வாத்துகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஓர் ஊழியரின் பெயர். காலையில் வந்ததும் அவரவர் வாத்தை வராந்தாவில் போட்ட நீள மேசைமேல் வைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வரிசையைப் படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பவேண்டும். அதுதான் இனி வருகைப்பதிவு.

வாத்து வழங்கும் விழாவில் ஸ்ரீராம் பேசினார்.

"தயார்நிலைன்னா என்ன? தேவைப்படும்போது தயாரா இருக்கறதா? அத யார் வேணும்னாலும் செய்யலாம். நாம தயாரா இருக்கோம்னு வெளியில தெரியணும். போட்டோல தெரியணும். நடுவுல ஒரு வாத்து இல்லைன்னா அது ஒரு வரிசை இல்ல, ரெண்டு வரிசை. ரெண்டு வரிசைக்கு இங்கிலீஷ்ல தொடரே கிடையாது. நான் தேடிப் பாத்துட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த வாரம் ஜூலைக் காற்று பேயாய் அடித்தது. சனிக்கிழமை வேலை முடிந்து நடந்து போன லோகுவின் மேல், கிடங்கு ஊழியர் குடியிருப்புக்குத் திரும்பும் வளைவில், ஒரு கற்பூர மரம் முறிந்து விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கிடங்கே திரண்டு இழவுக்குப் போனது. லோகுவின் மனைவி வேலாமணி யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் பிரீத்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீராம் பெரிய மாலையாகக் கொண்டுவந்து போட்டார்.

திங்கட்கிழமை உமாராணி லோகுவின் வாத்தை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தாள். படம் எடுக்க வந்த ஸ்ரீராம் நின்றுவிட்டார்.

"இங்க இடைவெளி இருக்கே?"

"லோகுண்ணனோடதுங்க சார்."

"ஏன், அவர் வரலையா?"

"அவருதான் தவறிட்டாருங்களே சார். நீங்க வந்து மாலை போட்டீங்களே."

"அது தனிப்பட்ட முறையில. ஸ்ரீராம் வந்தான், அழுதான், போனான். துணை இயக்குநருக்கு இன்னும் தகவல் வரல."

"தகவல் நாந்தானுங்க சார் எழுதோணும். இப்பவே எழுதித் தர்றேனுங்க."

ஸ்ரீராம் குரலைத் தாழ்த்தினார். "எழுதினா அந்தப் பதவி காலி. தயார்நிலை ஆண்டுல காலியாகிற பதவி தானா ரத்து. பதவி ரத்தானா அந்த அம்மாவுக்குக் கருணை வேலைய எதுல குடுக்கறது? அவங்களுக்காகத்தான் சொல்றேன். மனுஷத்தன்மையோட வாத்த வைங்க."

உமாராணி வைத்தாள். வேலாமணிக்காக என்று நம்பித்தான் வைத்தாள். மறுநாளும் வைத்தாள். பக்கத்து வாத்துகளுக்கு நடுவே லோகுவின் வாத்து மற்றவற்றைப் போலவே சிரித்துக்கொண்டு நின்றது. தலைமையகத்திலிருந்து தினமும் கட்டைவிரல் உயர்த்திய பதில் வந்தது. ஆண்ட்ரூ நடத்திய தேர்விலும் லோகு தேறிவிட்டார். அவருடைய வெற்றுத்தாளில் பிழை ஏதும் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலாமணி கிடங்குக்கு வந்தாள். நாலு நாள் படியில் நின்று திரும்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். பேரூராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழைப் பேங்கில் காட்டியிருக்கிறாள். அவர்கள் லோகுவின் கணக்கை முடக்கிவிட்டு, ஆபீஸ் கடிதம் கொண்டுவந்தால் பணத்தை மாற்றித் தருகிறோம் என்றார்களாம்.

ஸ்ரீராம் அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தார். "சம்பளம் தவறாம போய்க்கிட்டு இருக்கும்மா. அவர் ஒரு நாள்கூட லீவ் எடுக்கல."

"பேங்க்ல அவரு செத்துட்டாருங்க. ஆபீஸ்ல உசுரோட இருக்கறாருங்க. நா எந்த ஊட்டுக்குப் பொண்டாட்டிங்க சார்?"

"நல்ல கேள்வி" என்று சொல்லி ஸ்ரீராம் அதைக் குறித்துக்கொண்டார்.

அவள் படியிறங்கும்போது உமாராணிக்குப் பொறுக்கவில்லை. மேசையிலிருந்து லோகுவின் வாத்தை எடுத்தாள். பின்னாலேயே ஓடி, அவருடைய சோற்று டப்பாவோடு சேர்த்து வேலாமணியின் கையில் கொடுத்தாள்.

"அண்ணனோட சாமானுங்க, அக்கா. கொண்டு போயிருங்க. இனி அவுங்க எழுதித்தான் ஆகோணும்."

அவளுக்குத் தெரிந்த வரையில் அது நல்ல காரியம். மறுநாள் படத்தில் இடைவெளி விழுந்தது. தலைமையகத்திலிருந்து கட்டைவிரல் வரவில்லை. மதியத்துக்குள் கணினியே ஒரு மெமோவைத் தயாரித்து லோகுவின் வீட்டுக்கு அனுப்பியது. 'தங்கள் வாத்து வரிசையில் காணப்படவில்லை. முன்னனுமதி பெறாத இந்த இன்மை தொடருமானால், தாங்கள் பணியைக் கைவிட்டதாகக் கருதி, எவ்விதப் பலனுமின்றி நீக்கப்படுவீர்கள். குடியிருப்பையும் உடனே காலி செய்ய நேரிடும்.' மெமோ போனது உமாராணிக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலையில் அவள் வந்தபோது வரிசையில் இடைவெளி இல்லை. லோகுவின் வாத்து தன் இடத்தில் நின்றது. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக, ஐஸ்போலச் சில்லென்று இருந்தது. அந்துருண்டை வாசனை அடித்தது. மேசையிலிருந்து வாசற்படி வரைக்கும் தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது.

"யாரு வந்தா வினோத்து?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

வினோத் அவளைப் பார்க்காமல் பேசினான். "லோகண்ணந்தானுங்க. மஞ்சு மூட்டத்துல வந்தாரு. அவரு எப்பவும் போடற பெரிய கோட்டு, குரங்கு குல்லா. நா சல்யூட் வெச்சேனுங்க. அவரு தலைய ஆட்டிட்டு உள்ள போனாரு."

"அவரு செத்துட்டாரு வினோத்து."

"தெரியுங்க. நானுந்தானுங்க குழியில மண்ணுப் போட்டேன். ஆனாப் பாருங்க, வருகை போட்டுட்டாருங்களே. வந்தவரத் தடுக்கறதுக்கு எனக்கு ஆர்டர் இல்லீங்."

அன்றிலிருந்து தினமும் அந்த வாத்துதான் முதலில் வந்து நின்றது. கிடங்கில் மெல்லப் பயம் பரவியது. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து கம்பளிக் கட்டுகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு நிற்கும். பொட்டலம் கட்டும் பிரிவில் யாரோ கயிறு இழுத்து முடிச்சுப் போடுகிற சத்தம் கேட்டது. காற்றுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்கள். லோகுவின் ஸ்டூலில் யாரும் உட்காருவதில்லை. அதே சமயம், வாத்து வைக்க ஒருவரும் தாமதமாக வருவதுமில்லை. செத்தவரே வரும்போது நமக்கென்ன கேடு என்று தோன்றிவிட்டது.

ஸ்ரீராமுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில், "ஒருத்தர் பேர் சொல்ல விரும்பல. எவ்வளவோ தனிப்பட்ட கஷ்டத்துக்கு நடுவுல முதல் ஆளா வர்றார். அவர பாத்துக் கத்துக்கணும்" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சு காலியாக இருந்தது.

உமாராணிக்குத் தூக்கம் கெட்டது. கடைசியில் ஒருநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து, விடியும் முன் வந்து வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பல் கிட்டித்தது. கேட்டருகே பனிக்குள் கறுப்பாக ஓர் உருவம் அசைந்தது. தோள் அகன்ற கோட்டு, குல்லா. வாசற்படியேறி, மேசையருகே வந்து, கோட்டுக்குள்ளிருந்து வாத்தை எடுத்துத் துடைத்து வைத்தது. கோட்டின் கை நீண்டு விரல்நுனியை மூடியிருந்தது. அந்தக் கோட்டுக்குள் அப்படி இரண்டு பேர் நுழையலாம்.

"அக்கா" என்றாள் உமாராணி.

வேலாமணி திடுக்கிட்டுத் திரும்பினாள். குல்லாவைக் கழற்றவில்லை. "சத்தம் போடாதீங்க அம்மிணி. வாட்ச்மேன் பயந்துக்குவான்."

"எதுக்குங்க்கா இப்பிடி?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? வாத்து வரலீன்னா வேலைய உட்டு எடுத்துருவோம், ஊட்டக் காலி பண்ணுன்னு காயிதம் வந்துச்சு. செத்த மனுசன டிஸ்மிஸ் பண்ணிட்டா எம்பட புள்ள எங்க போவா? தெனமும் சாயங்காலம் ஆபீஸ் உட்டதும் பொறவால வந்து எடுத்துக்கறேன். காலைல கொண்டாந்து வெக்கறேன். இங்கயே கெடந்தா யாராச்சும் எடுத்து ஒளிச்சுப் போடுவாங்கன்னு பயம்."

முதலில் அதை டிராயருக்குள் ஒளித்தது யார் என்று உமாராணிக்குத் தெரியும்.

"கோட்டு எதுக்குங்க்கா?"

"மொத நாளு குளுருக்குத்தான் போட்டேன். கேட்டுல அந்தப் பையன் சல்யூட் அடிச்சான். அப்பறம் கழட்டத் தோணலீங்." அவள் வாத்தைக் கொஞ்சம் நேராக்கினாள். "பொண்டாட்டியா வந்து எத்தன நாளு இந்தப் படியில நின்னேன், ஒருத்தனும் எந்திரிக்கல."

அன்று பத்து மணிக்கு உமாராணி ஸ்ரீராமின் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். இனியாவது எழுதிவிடலாம் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடும்பமே ஒத்துழைக்குதுன்னு சொல்றீங்க. ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கு. பாருங்க உமாராணி, எங்கப்பா இறந்தப்பகூட நான் மூணு நாள் கழிச்சுத்தான் நம்பினேன். ஏன்னா அப்ப எனக்கு இன்ஸ்பெக்‌ஷன். துக்கத்துக்குன்னு ஒரு நேரம் இருக்கு. அது நிதியாண்டு முடிஞ்ச பிறகு."

"அந்தக்கா குளுருல நனைஞ்சுக்கிட்டு வர்றாங்க சார்."

"கம்பளிக் கிடங்குல வேலை பாக்கறவர் வீட்ல குளிரா?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். நாடு முழுவதும் உள்ள கிடங்குகளின் படங்களைப் பரிசீலித்த தலைமையகம், தயார்நிலைச் செம்மல் விருதுக்கு லோகுவைத் தேர்ந்தெடுத்திருந்தது. வழங்குவதற்குத் தலைமை இயக்குநரே வருகிறார். விருதாளர் நேரில் பெற வேண்டும்.

"அவர் வரலைன்னா இத்தனை மாசப் படமும் பொய்னு ஆகும். விசாரணை வரும். எல்லார் இன்கிரிமென்ட்டும் போகும். அதனால லோகு வந்தாகணும்."

"எப்பிடிங்க சார் வருவாரு?"

"அது உங்க வாத்து" என்றார் ஸ்ரீராம். இப்போதெல்லாம் பொறுப்பு என்ற சொல்லுக்குப் பதிலாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உமாராணி சாயங்காலம் குடியிருப்புக்குப் போனாள். இது ஆபத்து, ஊருக்குப் போய்விடுங்கள், நான் வக்கீலைப் பார்க்கிறேன் என்று வேலாமணியிடம் கெஞ்சினாள். வேலாமணி அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"விருது வாங்குனா ஆபீஸ்ல லெட்டர் தருவாங்களா? ஆளு உசுரோடதான் இருக்கறாருன்னு?"

"அத வெச்சு என்னங்க்கா பண்ணுவீங்க?"

"பேங்க்ல காட்டுவேன். பிரீத்திக்கு அடுத்த வாரத்துக்குள்ள கட்டலீன்னா காலேஜ்ல உக்காரக் கூடாதுன்னுட்டாங்க. செத்ததுக்குக் காயிதம் கேட்டேன், தரல. இருக்கறதுக்குத் தர்றேங்கறாங்க. கெடைக்கறத வாங்கிக்கறேன் அம்மிணி."

விழா நாளன்று மைதானம் முழுக்கப் பனி. மேடையிலிருந்து மூன்றாவது வரிசை தெரியவில்லை. தலைமை இயக்குநர் ஒலிபெருக்கியில் பெயரை வாசித்தார். யாரும் எழவில்லை. இரண்டாம் முறை வாசித்தார். உமாராணி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை வாசித்தபோது, கூட்டத்தின் கடைசியில் பனி விலகி, அந்தக் கோட்டு நடந்து வந்தது. நாற்காலிகள் சத்தமில்லாமல் நகர்ந்து வழிவிட்டன. தினமும் வேலாமணியோடு தண்ணீர் பிடிக்கும் பெண்களின் புருஷர்கள் அங்கே இருந்தார்கள். லோகுவைத் தூக்கிச் சுமந்தவர்கள் இருந்தார்கள். முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

தலைமை இயக்குநர் கைகுலுக்கினார். கை மெலிந்து, குளிர்ந்து போயிருந்தது. "ரொம்பக் குளிரோ, லோகு?"

"ஆமாங்க" என்றது சின்னக் குரல்.

"தயார்நிலைக்கு நீங்கதான் உதாரணம்" என்று அவர் தோளில் தட்டினார். கோட்டு உள்ளே அமுங்கியது. அவர் கையை எடுத்துக்கொண்டு, ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு படத்துக்குச் சிரித்தார்.

கடிதம் கிடைத்தது. பேங்கில் கணக்கு திறந்தது. பிரீத்தி வகுப்பில் உட்கார்ந்தாள். அடுத்த நாள் முதல் கோட்டு வாத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது. வேலாமணி வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் அவளை லோகு என்றே கூப்பிட்டார்கள். முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூப்பிட்டார்கள். பின்பு சிரிப்பு வரவில்லை.

டிசம்பரில் கோப்புகளை ஒழுங்கு செய்தபோது தலைமையகத்தின் கண்ணில் ஸ்ரீராமின் பழைய குறிப்பு ஒன்று பட்டது. வேலாமணி என்ற பெண்மணி, உயிரோடிருக்கும் ஊழியரை இறந்துவிட்டார் என்று சொல்லி ஜூலையில் பணம் மாற்றக் கடிதம் கேட்டிருக்கிறார். மோசடி. 'தங்கள் மனைவியின் நடத்தைக்கு விளக்கம் அளிக்கவும்' என்று லோகுவுக்கு மெமோ வந்தது.

வேலாமணி அதை எடுத்துக்கொண்டு உமாராணியின் மேசைக்கு வந்தாள். "எழுதித் தாங்க அம்மிணி. நா சொல்றேன்."

உமாராணி பேனாவை எடுத்தாள்.

"எம்பட பொண்டாட்டி வேலாமணி நல்லவ. பொய் சொல்லத் தெரியாது. புருசன் மேல உசுரா இருந்தா. அவன் போனதும் அவளுக்குப் புத்தி கொழம்பிப் போச்சு." மெமோவை நான்காக மடித்தாள். "அவ செத்துப்போயிட்டா. எழுதுங்க."

"அக்கா, இத எழுதினா..."

"எழுதுங்க. கேஸு போட்டா யாரு மேல போடுவாங்க? செத்தவ மேல போட முடியாதில்ல?"

அந்தக் கடிதத்தை ஸ்ரீராம் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டார். சான்றிதழ் கேட்கவில்லை. வேலாமணிக்கு வாத்து கிடையாது. அதனால் அவள் இறப்பதில் அலுவலகத்துக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. மறுநாளே சாப்பாட்டுக் கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. அலுவலகத்துக்குப் பலமுறை வந்துபோன, மிகப் பொறுமையான பெண்மணி அவர் என்று ஸ்ரீராம் உருக்கமாகப் பேசினார். எல்லாரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள்.

அந்த மௌனத்தில்தான் கடைசி பெஞ்சிலிருந்து அழுகை கேட்டது. முதலில் விக்கல்போல வந்தது. பிறகு கோட்டு முழுக்கக் குலுங்கியது. குல்லாவை முகத்தோடு இழுத்துப் பொத்திக்கொண்டு, ஜூலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த ஒப்பாரியை அவள் அந்தக் கூடத்தில் வைத்து அழுதாள். மௌனம் முடிந்த பிறகும் யாரும் உட்காரவில்லை. ஒவ்வொருவராக வந்து, "மனசத் தேத்திக்க லோகு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

கூடம் காலியானது. உமாராணி பக்கத்தில் போய் நின்றாள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோட்டின் கைக்குள் விரலை விட்டுத் துழாவி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. டிசம்பரில் குன்னூரில் எல்லார் கையும் அப்படித்தான் இருக்கும்.